பாட்டை யார் எடுத்து வருவது? வீட்டு ஸ்டீரியோவுக்கு ஸ்ட்ரீமர் தேர்ந்தெடுக்கும் முன்

நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் உள்ள வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆனால் கேசட்டும் சிடியும் அலமாரிக்குள் போய்விட்டன, பாட்டெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. போனில் கிடைக்கும் பாட்டை அந்தப் பெரிய ஸ்பீக்கரில், வயர் ஏதும் தொங்காமல் கேட்பதற்கென்றே இருக்கும் சிறு பெட்டிதான் ஸ்ட்ரீமர். வைஃபை வழியாகப் பாட்டை வாங்கி, ஆம்ப்ளிஃபையர் ஏற்கும் மின்சைகையாக மாற்றி, பின்பக்கத்து வயரில் கொடுத்துவிடும். அதன் வேலை அவ்வளவுதான். ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகவே உங்கள் பழைய செட் அப்படியே இருக்கும். ரேடியோ, சிடி பிளேயர் மாதிரி இதுவும் அதனோடு சேரும் இன்னொரு கருவி.

வாங்கப் போனால் ஏர்ப்ளே, காஸ்ட், கனெக்ட், டிஎல்என்ஏ, டிஏசி என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இணையத்திலிருந்து பாட்டை எடுத்து வருவது உங்கள் போனா, அல்லது அந்தப் பெட்டியா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போன் சுமக்கும் வழி

ப்ளூடூத்தில் சுமப்பது போன். பாட்டு முதலில் போனுக்கு வருகிறது. போன் அதைப் பிரித்து, தன் மற்ற ஒலிகளோடு கலந்து, மறுபடி சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. ஏற்கெனவே சுருக்கி வந்த பாட்டு இரண்டாம் முறையும் சுருங்குகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் வழக்கமான உச்சம் நொடிக்கு 328 கிலோபிட். சோனி 2015-இல் கொண்டுவந்த எல்டேக் முறை 990 கிலோபிட் வரை போகும், ஆனால் அனுப்பும் போனிலும் வாங்கும் கருவியிலும் அது இருக்க வேண்டும். ஐபோனில் எல்டேக் கிடையாது.

ஒலித்தரத்தை விட என்னை உறுத்துவது வேறு. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். வாட்ஸ்அப் செய்தி வந்தால் அந்த 'டிங்' பெரிய ஸ்பீக்கரில் கேட்கும். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும், பிறகு அறுந்துபோகும். ஆற அமர உட்கார்ந்து கேட்பதற்காகத்தான் ஸ்டீரியோ வைத்திருக்கிறோம். அந்த நேரத்தை ஒவ்வொரு செய்தியும் வந்து கலைப்பதென்றால் செட் இருந்தும் பயனில்லை. ஆனாலும் நாளுக்கு அரை மணி நேரம் பின்னணியில் பாட்டு ஓடினால் போதும் என்பவருக்கு ஒரு சாதாரண ப்ளூடூத் ரிசீவரே போதும். அவர் ஸ்ட்ரீமருக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஆப்பிளின் ஏர்ப்ளேயிலும் பெரும்பாலும் போன்தான் சுமக்கிறது, ஆனால் வைஃபை வழியாக. 2004-இல் ஏர்ட்யூன்ஸ் என்ற பெயரில், ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறு வெள்ளைப் பெட்டியோடு வந்தது. 2010-இல் பெயர் ஏர்ப்ளே ஆனது. பல அறைகளில் ஒன்றாக ஒலிக்கவிடும் ஏர்ப்ளே 2, 2018-இல் வந்தது. ப்ளூடூத்தை விட எட்டும் தூரம் அதிகம், ஒலியும் மேல். ஐபோன் மட்டுமே உள்ள வீட்டுக்கு இது வசதியான ஏற்பாடு. ஆண்ட்ராய்டு போன்களில் இது இயல்பாக இல்லை.

பெட்டியே எடுத்துக்கொள்ளும் வழி

ஸ்பாட்டிஃபை கனெக்ட் 2013-இல் வந்தது. இதில் போன் பாட்டைச் சுமப்பதே இல்லை. "இன்ன பாட்டு வேண்டும்" என்று போன் சொல்கிறது. ஸ்ட்ரீமர் தானே இணையத்துக்குப் போய் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்கிறது. மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, சாமானை நேராக வீட்டில் இறக்கச் சொல்வது போல. கூகுள் காஸ்டும் இதே வகை. டைடல், கோபஸ் என்ற பாட்டுச் சந்தா சேவைகளின் டைடல் கனெக்ட், கோபஸ் கனெக்ட் ஆகியவையும் அப்படித்தான்.

கனெக்டில் பாட்டைத் தொடங்கிவிட்டு, போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள். பாட்டு தொடர்ந்து ஓடும். அழைப்பு வந்தாலும் ஓடும். போனோடு கடைக்குப் போய்விட்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்குப் பாட்டு நிற்காது. போனின் சார்ஜும் இதற்காகக் கரையாது. ஸ்ட்ரீமருக்காகப் பணம் செலவழிப்பதென்றால் இந்த விடுதலைக்காகத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே எந்தப் பெட்டி என்று தேடும் முன், நீங்கள் எதில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபை என்றால் ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருக்க வேண்டும். யூடியூப் மியூசிக் என்றால் கூகுள் காஸ்ட் இருக்க வேண்டும். அதில்லாத பெட்டியில் ப்ளூடூத்துக்கோ ஏர்ப்ளேக்கோ திரும்ப வேண்டியிருக்கும். ஆப்பிள் மியூசிக் என்றால் ஐபோனிலிருந்து ஏர்ப்ளே, ஆண்ட்ராய்டிலிருந்து காஸ்ட். டைடலும் கோபஸும் இந்தியாவில் சந்தா விற்பதில்லை. சென்னையில் இருப்பவர் அந்த இரண்டு பெயர்களும் பெட்டியில் அச்சாகியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. கனடாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் தமிழருக்கு அவை உண்மையான வசதிதான்.

யூடியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் தேடும் பாட்டு அங்கேதான் இருக்கிறது. பழைய வானொலிக் கச்சேரிகள், ரசிகர்கள் தங்கள் கேசட்டிலிருந்து ஏற்றியவை, எந்தச் சந்தா சேவையிலும் இல்லாத படப் பாடல்கள் எல்லாம் யூடியூபில் வீடியோவாகத்தான் கிடக்கின்றன. யூடியூப் மியூசிக் செயலியிலிருந்து காஸ்ட் செய்யலாம். சாதாரண யூடியூப் செயலியோ திரை உள்ள கருவிக்குத்தான் காஸ்ட் செய்யும். ஒலி மட்டும் உள்ள ஸ்ட்ரீமர் அதன் பட்டியலிலேயே தெரியாது. அந்த நேரத்துக்கு ஐபோனில் ஏர்ப்ளே, ஆண்ட்ராய்டில் ப்ளூடூத். எனவே காஸ்ட் இருக்கும் பெட்டியிலும் ப்ளூடூத் ரிசீவர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும்.

சொந்தச் சேமிப்பு

சிடிகளைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் என்ற கோப்புமுறை 2001-இல் வந்தது. ஒரு சிடி ஏறத்தாழ பாதி இடத்தில் அடங்கிவிடும், ஒரு பிட் கூட இழப்பில்லை. அந்தக் கோப்புகளை வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலோ, ரௌட்டரில் செருகிய டிஸ்கிலோ வைத்து, ஸ்ட்ரீமரை அங்கிருந்து எடுக்கச் சொல்லலாம். இதற்கான பொது மொழிதான் டிஎல்என்ஏ. இணையம் அறுந்தாலும் பாட்டு உண்டு. சேவைக்காரர்கள் ஒரு ஆல்பத்தைத் திடீரென்று எடுத்துவிட்டாலும் உங்களிடம் இருப்பது இருக்கும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சோதியுங்கள்: இடைவெளியின்றி அடுத்த டிராக்குக்குப் போகிறதா? ஆங்கிலப் பெயரிலேயே கேப்லெஸ் என்பார்கள். திரைப்பாடலுக்கு இது தேவையில்லை. ஒவ்வொரு பாட்டும் தனித்தனி. ஆனால் கச்சேரிப் பதிவுகளில் ராகம் ஒரு டிராக், தானம் அடுத்தது, பல்லவி அதற்கடுத்தது என்று வெட்டி வைத்திருப்பார்கள். பாடகர் நிறுத்தவில்லை, தம்புரா நிற்கவில்லை. பெட்டி மட்டும் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினால் சுருதி அறுந்து, கட்டியெழுப்பியதெல்லாம் அந்த இடத்தில் சரிகிறது. அரை நொடி மௌனம் அவ்வளவு கொடுமையாக இருக்கும். ஒரே பெட்டி ஸ்பாட்டிஃபையில் இடைவெளியின்றி ஓடும், டிஎல்என்ஏவில் தடுக்கும். விளம்பரத்தில் "கேப்லெஸ்" என்று இருப்பதை மட்டும் நம்பாமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் வழியில் ஓட்டிப் பாருங்கள்.

எண்கள் எவ்வளவு முக்கியம்?

சிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்பாட்டிஃபையில் நெடுங்காலம் உச்சமாக இருந்தது 320 கிலோபிட், யூடியூப் மியூசிக்கில் உச்சம் 256. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத ஒலியைத் தருகிறது, இந்தியாவிலும். ஸ்பாட்டிஃபையும் 2025-இல் இழப்பில்லாத ஒலியைக் கொண்டுவந்தது.

பெட்டியில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 1,92,000 மாதிரிகள்) என்று போட்டிருப்பார்கள். மனிதக் காது நல்ல இளமையில் கேட்பது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை. சிடியின் மாதிரி எண்ணிக்கை 22 கிலோஹெர்ட்ஸ் வரை சரியாகப் பிடித்துவிடும். 16 பிட் என்றால் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி. எழுபதுகளில் டேப்பில் பதிவான ஒரு பாட்டில், டேப்பின் சொந்த இரைச்சலே அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கும். அந்தப் பாட்டை 24 பிட்டில் கேட்டாலும் துல்லியமாகக் கேட்கப்போவது அந்த இரைச்சல்தான். நல்ல மூல நாடாவிலிருந்து கவனமாக மாற்றியதா, தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்து ஒலியை மட்டும் ஏற்றியதா என்பதுதான் காதுக்குத் தெரியும் வித்தியாசம். ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பதிப்புகள் சேவையில் இருந்தால் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து நல்லதைச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் பணம் செலவில்லை, பலன் பெரிது.

எண்ணாக வரும் ஒலியை மின்சைகையாக மாற்றும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். இதைச் சுற்றித்தான் விலை ஏறுகிறது. இன்றைய நிலையில் நல்ல நிறுவனத்தின் விலை குறைந்த ஸ்ட்ரீமரில் இருக்கும் டிஏசியே, சராசரி வீட்டு ஸ்பீக்கர் காட்டக்கூடியதை விடத் துல்லியமாக வேலை செய்கிறது. ஸ்ட்ரீமர் தயாரிக்கும் வீம் நிறுவனத்தின் புரோ என்ற பெட்டி 2022-இலும், புரோ பிளஸ் 2023-இலும் வந்தன. இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு உள்ளே இருக்கும் சில்லுகளில்தான். செயலி, வைஃபை, சேவைகள் எல்லாம் பெரும்பாலும் ஒன்றே. பதினைந்து வருடப் பழைய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு நான் புரோவைத்தான் சொல்வேன், மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்கு வைக்கச் சொல்வேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுத்து வைத்தால் வரும் மாற்றம், டிஏசி சில்லை மாற்றினால் வருவதை விட எளிதில் காதுக்குத் தெரியும்.

விலை ஏறினால் வசதியும் கூடும் என்று எண்ண வேண்டாம். அதே நிறுவனத்தின் விலை கூடிய அல்ட்ராவில் தொடுதிரை உண்டு, டிவிக்கான எச்டிஎம்ஐ உண்டு, இசைத்தட்டுக்கான உள்ளீடும் உண்டு. ஆனால் விலை குறைந்த புரோவில் இருக்கும் ஏர்ப்ளே அதில் இல்லை. ஐபோன் வீட்டுக்கு விலை குறைந்ததே பொருந்தும்.

பின்பக்கம்

வாங்கும் முன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி, பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரட்டைத் துளைகள் வரிசையாக இருக்கும். ஆர்சிஏ என்பது அவைதான். ஆக்ஸ், சிடி, ட்யூனர், டேப் இன் என்று எழுதியிருக்கும் எதிலும் ஸ்ட்ரீமரை மாட்டலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் கூடாது. அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட் சைகையைப் பல மடங்கு பெருக்குவதற்கானது. ஸ்ட்ரீமரோ 2 வோல்ட் வரை தரும். அங்கே மாட்டினால் சிதைந்த பேரிரைச்சல்தான் வரும், ஸ்பீக்கருக்கும் ஆபத்து. பழைய பிலிப்ஸ் மாதிரியான செட்டுகளில் ஆர்சிஏ இல்லாமல் ஐந்து துளை உள்ள வட்ட டின் சாக்கெட் இருக்கலாம். அதற்கு மாற்றி வயர் கிடைக்கும், செட்டையே மாற்ற வேண்டியதில்லை.

வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கும்: ஸ்ட்ரீமரில் ஒன்று, ஆம்ப்ளிஃபையரில் ஒன்று. முதலில் ஆம்ப்ளிஃபையர் குமிழைக் குறைத்துவிட்டு, ஸ்ட்ரீமரை முழு அளவில் வைத்து, பிறகு குமிழை மெல்லக் கூட்டி, நீங்கள் கேட்கும் உச்ச அளவு எது என்று கண்டுகொள்ளுங்கள். அந்த இடத்தில் குமிழை விட்டுவிட்டால், அதன் பிறகு போனிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். வீட்டுக் குழந்தை போனில் முழுதும் ஏற்றினாலும் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது.

மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரு கனத்த முரலல் கேட்டால் ஸ்ட்ரீமர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், எர்த் வழியாகச் சுற்றி வந்து ஒலிக்குள் கலக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் போவது ஒளி, மின்சாரம் அல்ல, அதனால் அந்தச் சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

வைஃபை

ஸ்ட்ரீமர் போனில் தெரியவில்லை என்பதுதான் புதிதாக வாங்கியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார். பெரும்பாலும் போன் ஒரு வைஃபையிலும் பெட்டி இன்னொன்றிலும் இருக்கும். விருந்தினருக்கென்று தனியாக வைத்த நெட்வொர்க்கில் போன் சேர்ந்திருந்தாலும் பெட்டி கண்ணில் படாது. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

ஒலிக்குத் தேவையான வேகம் மிகக் குறைவு. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலி சுருக்காமல் போனால் கூட நொடிக்கு 9 மெகாபிட் சொச்சம்தான். வேகமான இணையச் சந்தாவால் ஒலி மேம்படாது. சிக்கல் சுவர்களில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை விடப் பலவீனமானது. ரௌட்டர் அதே ஹாலில் இருந்தால் 5. நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4. ஸ்ட்ரீமரை இரும்பு அலமாரிக்குள்ளோ ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலுக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். லேன் வயர் இழுக்க வழியிருந்தால் இழுத்துவிடுங்கள். அதற்கு நிகர் எதுவுமில்லை.

எத்தனை வருடம் வரும்?

என்னைப் பொறுத்தவரை டிஏசியை விட இது பெரிய கேள்வி. ஆம்ப்ளிஃபையர் முப்பது வருடம் உழைக்கும். ஸ்ட்ரீமர் ஒரு சிறு கணினி. அதன் ஆயுள் மென்பொருளின் கையில் இருக்கிறது. 2015-இல் கூகுள் வெறும் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் ஆடியோ என்ற வட்டக் கருவியை விற்றது. விலைக்கு மீறிய அருமையான பொருள். 2019 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் பத்தாண்டுக் காலம் முடிய, உலகெங்கும் அந்தக் கருவிகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. ஆனால் கருவியில் ஒரு பாகம் கூடப் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லாஜிடெக் நிறுவனம் 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமர் வரிசையை நிறுத்தியது. அதன் சர்வர் மென்பொருள் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை இன்றும் லிரியன் என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன.

அதனால்தான் ஏற்கெனவே நல்ல ஆம்ப்ளிஃபையர் உள்ளவர்கள் அதை விற்றுவிட்டு ஸ்ட்ரீமர் உள்ளடங்கிய புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. தனிப் பெட்டி காலாவதியானால் அதை மட்டும் மாற்றலாம். வாங்கும் பெட்டியிலும் ஒரு நிறுவனத்தின் செயலியை நம்பி மட்டும் நிற்காமல், டிஎல்என்ஏ, ப்ளூடூத் போன்ற பொது வழிகள் இருக்கட்டும்; சேவை போனாலும் ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்கும். கையில் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஒரு டிஏசி பலகையைப் பொருத்தி, மூட் அல்லது வாலுமியோ மென்பொருளை ஏற்றித் தாங்களே ஸ்ட்ரீமர் செய்துகொள்ளலாம். ராஸ்பெர்ரி பையின் சொந்த ஹெட்போன் துளையை நம்ப வேண்டாம், அதன் ஒலித்தரம் குறைவு. இந்த வழியில் யூடியூப் மியூசிக்குக்கான காஸ்ட் கிடைக்காது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முழுக் கச்சேரியை ஓட்டிப் பாருங்கள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒன்றோடொன்று நெரிபடும் நேரம் அது. நடுவில் அறுந்தால் முதலில் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள், பிறகு லேன் வயர் போட்டுப் பாருங்கள். வயரிலும் அறுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.